சாப்பிட்டதாக ஒரு டிக்

எனக்கு வாய் அதிகம். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். தினமும் கீரனூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்ததில் முழங்கால் இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டன. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அங்கே சேர்ந்தேன். முப்பத்தோரு பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் பிள்ளைகள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் புதுக்கோட்டையிலேயே இருந்தும் குவைத்தில் இருப்பவர்களைவிட தூரமாக இருந்தார்கள். இப்போதும் நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

சேர்ந்த முதல் வாரத்தில், அங்கே மாத்திரைகள் இருந்த இருப்பைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அவரவர் மாத்திரை அவரவரிடம். தலையணை உறைக்குள், பிஸ்கட் டப்பாவில், விபூதி சம்புடத்தில், சேலை முந்தானை முடிச்சில் என்று எங்கே பார்த்தாலும் மாத்திரை. மெடிக்கலில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பதால் மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். இவர்களுக்கு மாத்திரை என்றால் நிறம்தான். "காலைல செவப்பு, சாயங்காலம் மஞ்சள்" என்று சொல்வார்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்து சிவப்பு வெள்ளையாகிவிட்டால், "இது என்னோடது இல்ல" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் மகன் அனுப்பிய பிரஷர் மாத்திரையையும் இங்கே வாங்கிய அதே மாத்திரையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினேன். "அது எப்புடி ஒண்ணாகும்? அது எம் மகன் அனுப்புனதாச்சே" என்றார்.

எல்லாரையும்விட என்னைப் படுத்தியவர் கட்டுமாவடியிலிருந்து வந்த ஆத்தா. வாழ்நாளெல்லாம் மீன் விற்றவர். எதையும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தான் மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியாது. யாராவது தலைவலி என்றால் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார். "எனக்குக் கேட்டுச்சு, ஒனக்குக் கேக்காதா?" என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். ஒருநாள் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கிறுகிறுப்பு வந்திருக்கிறது. ஆத்தா தன்னுடைய பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே பிரஷர் இறங்கிப்போயிருந்த அந்த அம்மா பாத்ரூமில் விழுந்து, நெற்றியில் நான்கு தையல்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு ஆயாவையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனேன். கெஞ்சியவர்களிடம் கெஞ்சினேன், முறைத்தவர்களை முறைத்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு மாத்திரைகூட யாரிடமும் இல்லை. ஆத்தா மட்டும் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"ஏத்தா, எம் மாத்திரைய நீ எதுக்குத்தா பூட்டி வைக்கிற? நான் என்ன கள்ளச் சாராயமா வச்சிருக்கேன்?"

"கள்ளச் சாராயம்னாகூட விட்டுருவேன் ஆத்தா. நீங்க டாக்டர் வேலை பாக்குறீங்கள்ல, அதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆபீஸ் அறையில் இரும்பு அலமாரி ஒன்று. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதி ஒட்டிய ஒரு டப்பா. சாவி என் இடுப்பில். ஒரு நீள ரெஜிஸ்டரில் ஒவ்வொருவருக்கும் மாத்திரைக்கு ஒரு கட்டம், சாப்பாட்டுக்கு ஒரு கட்டம். காலை ஏழரைக்குச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேஜை போட்டு உட்காருவேன். எல்லாரும் வரிசையாக வருவார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரை நீட்டி, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன். கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்புகிறவர்கள் இருந்தார்கள், அதனால்தான். ஆனாலும் எண்பது வயசு மனுஷர்களை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வது எப்படியிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பார்க்க வருகிறவர்களை நிர்வாகி முதலில் அந்த அலமாரியின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார். "எங்க சிஸ்டர் இருக்காங்க பாருங்க, ஒரு மாத்திரை தப்பாது" என்பார். நானும் சாவியைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

அந்த வரிசையில் வாத்தியாரும் இருந்தார். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். மாத்திரைகளைப் பறிமுதல் செய்த அன்று அவர் அறைக்குப் போனபோது, கட்டில்மேல் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். நல்ல நீளப் பெட்டி, உள்ளே சிறு சிறு அறைகள். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். அந்த இல்லத்தில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

"இதுல ஒரு முறை வச்சிருக்கேம்மா. சில நாளைக்கு மாறும். சொல்லிர்றேன்" என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் டாக்டர் சீட்டுல இருக்கு சார். நான் பாத்துக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தேன். வாங்கித் தன் துணி அலமாரிக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் பத்து அறை பாக்கி இருந்தது. என் அவசரம் எனக்கு.

டிக் போடுகிற விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரைக் கட்டத்தில் டிக், விழுங்கியதைப் பார்த்த பிறகு. அதில் நான் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. சாப்பாட்டுக் கட்டத்தில் டிக், சாப்பிட்டதைப் பார்த்த பிறகு போட வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம். மாத்திரை உள்ளே போய் சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். அதற்காகத்தான் அந்தக் கட்டத்தை நானே போட்டேன். ஆனால் இட்லி வருவது எட்டு மணிக்கு. பின்கட்டில் இருக்கும் ஆண்களுக்குத் தட்டு அறைக்கே போய்விடும். அத்தனை அறைக்கும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்து, திரும்பி வந்து டிக் போட வேண்டும். முதல் மாதம் செய்தேன். இரண்டாம் மாதம் ஆயாவைக் கேட்டு டிக் போட்டேன். அப்புறம், மாத்திரைக்கு டிக் போடும்போதே பேனாவை எடுக்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் ஒரு டிக். இட்லி எங்கே ஓடிவிடப் போகிறது? பசித்தவர் சாப்பிடத்தானே போகிறார்? இப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பெரிய வெள்ளி, அதாவது காலண்டரில் புனித வெள்ளி, அன்று அரசு விடுமுறை. காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே எனக்குத் திருவிழா. என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ், அவளும் வாத்தியாரைப் போல ஆவூர்ப் பக்கம்தான், கோயிலுக்குப் போவதற்காக லீவு எடுத்திருந்தாள். ஆகவே முப்பத்தோரு பேருக்கும் நான் ஒருத்தி. ஏழரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆத்தா வேறு வரிசையில் நின்றுகொண்டு, இன்றைக்காவது மீன் உண்டா என்று சமையற்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காலையிலேயே பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

வாத்தியார் முறை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். மதியம் உறவுக்காரர் ஒருவர் வந்து கோயிலுக்குக் கூட்டிப்போவதாக முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சர்க்கரை மாத்திரையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இத இன்னைக்கு மத்தியானம் போட்டுக்கிறேம்மா."

"மத்தியானத்துக்கு வேற மாத்திரை இருக்கு சார். இது காலைக்கு."

"தெரியும்மா. இன்னைக்கு மட்டும். மத்தியானம் சாப்பாட்டோட போட்டுக்கிறேன்."

இதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முந்தின வாரம்தான் ஒருவர் "அப்புறம் போட்டுக்கிறேன்" என்று வாங்கிப்போய் ஜன்னல் வழியாக எறிந்திருந்தார். அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை.

"எல்லாரும் இன்னைக்கு மட்டும், இன்னைக்கு மட்டும்னுதான் சார் சொல்றீங்க. வாத்தியாரு நீங்களே அடம் பிடிச்சா மத்தவங்கள நான் என்ன சொல்றது?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். நான் இரண்டு டிக் போட்டேன்.

பதினோரு மணி வாக்கில் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வாத்தியாரின் அறையில் அவரோடு இருந்தவர் குடுமியான்மலைப் பக்கத்து விவசாயி. காது சரியாகக் கேட்காது. வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரு என்னமோ மாதிரி பேசுறாரு தாயி, சட்டுன்னு வாங்க."

ஓடினேன். வாத்தியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. வலது கையைத் தூக்கச் சொன்னேன், பாதியில் விழுந்தது. பிரஷர் பார்த்தேன், ஏறியிருந்தது. பக்கவாதம் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது. ஆபீஸ் அறைக்கு ஓடிவந்து, இல்லத்துக்கு வந்து பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சுகர் மாத்திரை போட்டாரா?"

"போட்டார் டாக்டர்."

"சாப்பிட்டாரா?"

ரெஜிஸ்டர் என் முன்னால் திறந்திருந்தது. வாத்தியார் பெயருக்கு நேரே சாப்பாட்டுக் கட்டத்தில் டிக். என் கையால் நான் போட்ட டிக்தான். அதை யாரோ பார்த்துச் சொன்ன சாட்சி மாதிரி நான் வாசித்தேன்.

"சாப்பிட்டார் டாக்டர்."

"அப்ப ஸ்ட்ரோக் மாதிரிதான் தெரியுது. வாயில எதுவும் குடுக்காதீங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லி உடனே திருச்சிக்கு அனுப்புங்க."

சர்க்கரை பார்க்கிற மெஷின் அதே அலமாரியில், மூன்றாவது தட்டில் இருந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். விரலில் ஒரு குத்து, ஐந்து நொடி. மயங்கிக் கிடக்கும் சர்க்கரை நோயாளிக்கு முதலில் அதைப் பாருங்கள் என்று எத்தனை பயிற்சிப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! பார்க்காதவளை வார்டிலேயே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். அன்று நான் பார்க்கவில்லை. சாப்பிட்டார் என்று ரெஜிஸ்டரில் இருக்கிறதே, பிறகு எதற்குப் பார்ப்பது? டாக்டர் கேட்டதற்கும் பதில் சொல்லியாகிவிட்டது. என் பொய்யை நானே நம்பினேன். இதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை.

விடுமுறை நாள், ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் நினைவு தப்பிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர், முதலிலேயே, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தபோதே கொடுத்திருந்தால் போதும். அதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் இறங்கியதும் முதல் வேலையாக விரலில் குத்தினான். மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மேடம், சுகர் ரொம்ப லோ காட்டுது. காலைல சாப்பிடலையா?"

"சாப்பிட்டாரே" என்றேன். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

அவன் ஊசி குத்தி குளுக்கோஸை ஏற்றினான். கீரனூர் தாண்டும்போது வாத்தியார் கண் திறந்ததாகப் பிறகு சொன்னார்கள். கண் திறந்தார், அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருந்திருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் திருச்சி டாக்டர்.

வண்டி போனபின் அந்த அறைக்குத் திரும்பிப் போனேன். காது கேட்காத பெரியவரிடம் சத்தம்போட்டுக் கேட்டேன், காலையில் வாத்தியார் இட்லி சாப்பிட்டாரா என்று.

"இல்ல தாயி. ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. நீங்க சாப்புடுங்கன்னு தட்டத் தள்ளி விட்டாரு. நான்தேன் ரெண்டு தட்டையும் சாப்ட்டேன்." அதைச் சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்டவர் மாதிரி என் முகத்தையே பார்த்தார். "வேணாம்னு சொல்லிருக்கணுமோ?"

தட்டு இரண்டும் காலியாகத் திரும்பியதால் ஆயாவுக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலையில் லீவு முடிந்து வந்த நர்ஸ், பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "அக்கா, நேத்து பெரிய வெள்ளியாச்சே. சார் ஒருசந்தி இருந்திருப்பாரே, ஒங்ககிட்ட சொல்லலையா?"

ஒருசந்தி என்றால் அன்றைக்கு ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு. வாத்தியார் வீட்டில் இருந்த காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் இருப்பாராம். சர்க்கரை வந்தபின் மகள் போனில் அழுது, மற்ற வெள்ளிகளை விட்டுவிட்டார். பெரிய வெள்ளியை மட்டும் விடவில்லை. அந்த ஒருநாள் காலை மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்வார். டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றியிருந்தாராம். அதைத்தான் நான் மாத்திரைகளைப் பறிமுதல் செய்த அன்று எனக்குச் சொல்ல வந்தார்.

"வயசானவங்களுக்குக் கட்டாயம் இல்லக்கா. ஆனா கேக்க மாட்டாங்க."

"ஒருசந்தின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே!" என்று கத்தினேன். அவளிடம் எதற்குக் கத்தினேன் என்று தெரியவில்லை.

"எப்புடிக்கா சொல்வாரு? நாம இருக்குற நோன்ப நாலு பேருக்கு முன்னால சொல்லிக்கக் கூடாதுன்னு தானே எங்கள வளப்பாங்க. வரிசைல வேற நின்னிருப்பாரு."

அவருடைய பெட்டி மாத்திரையோடு அவரிடமே இருந்திருந்தால் பெரிய வெள்ளியன்று ஒன்றும் ஆகியிருக்காது. மாத்திரையை மதியத்துக்கு நகர்த்தியிருப்பார், சாப்பிட்டிருப்பார், கோயிலுக்குப் போயிருப்பார். ஆத்தாவிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற நான் போட்ட பூட்டு, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரு மனுஷரை மாட்டிவைத்துவிட்டது. பூட்டு தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அலமாரி இன்றும் பூட்டித்தான் இருக்கிறது, சாவியும் என்னிடம்தான். ஆனால் பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, எந்தெந்த நாளில் என்னென்ன சாப்பிடுவீர்கள், எப்போது விடுவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் சைவமா அசைவமா என்று ஒரு கேள்விதான் இருந்தது. சஷ்டி, ஏகாதசி, கிருத்திகை என்று எத்தனை பேர் எத்தனை விரதம் வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவரை ஒன்றும் நடக்காமல் போனது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

நிர்வாகி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ரெஜிஸ்டரை விரித்துவைத்திருந்தார்.

"சிஸ்டர், இதுல டிக் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். மாத்த வேணாம், அடிக்க வேணாம். நோன்புன்னு அவரு நம்மகிட்ட சொல்லல, சாப்பாட்ட இன்னொருத்தருக்குக் குடுத்திருக்காரு. நாம என்ன பண்ண முடியும்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னை நெளியவைத்தது. நான் வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் மகள் குவைத்திலிருந்து வந்துவிட்டாள். திருச்சி ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துவிட்டு, அவருடைய துணிமணிகளை எடுக்க இல்லத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். தூங்காத கண். நிர்வாகி அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்பா நோன்பைச் சொல்லாததையும் தட்டை இன்னொருவருக்குக் கொடுத்ததையும் மட்டும் அவளிடம் சொன்னார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் ரெஜிஸ்டரைப் பார்த்தாள். டிக்கின்மேல் விரலை வைத்தாள்.

"அப்பா எப்பவும் இப்புடித்தான். ஒடம்பு முடியலன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றாள். அப்பாமேல் அவளுக்குக் கோபமாக வந்தது. என் டிக்கைப் பார்த்துவிட்டு அவள் தன் அப்பாவைக் கோபித்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிற வாய் அன்று கல்லாக இருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர், "வேலையே போனாலும் போகட்டும், போய்ச் சொல்லிட்டு வா. இல்லன்னா நீ எங்களை உயிரோட விடமாட்ட" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவா என்று தெரியவில்லை. இரண்டு நாள் இழுத்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருஷம் போன அதே பாதை. அன்றைக்குத் திருச்சி வராமலே இருந்தால் தேவலை என்று இருந்தது.

வாத்தியார் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் கொஞ்சம் நின்று, சுவருக்குப் போய்விட்டது. மகள் அவர் கையில் ஜெபமாலையைக் கொடுத்து, ஒவ்வொரு மணியாக நகர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜெபத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்துவாள், அவர் தொடர்வார் என்று காத்திருப்பாள். அவர் தொடரவில்லை. அவர் உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. அறுபது எழுபது வருஷம் தினமும் சொன்ன ஜெபம். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். பெஞ்சில் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"அந்த டிக் நான் பாக்காம போட்டது. அப்பா சாப்பிட்டாங்களான்னு நான் பாக்கவே இல்லை. மாத்திரை குடுக்கும்போதே ரெண்டு டிக்கையும் போட்டுருவேன், தினமும். டாக்டர் கேட்டப்பவும் அதப் பாத்துட்டுத்தான் சாப்பிட்டாருன்னு சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் நர்ஸிடம் கேட்கிற கேள்வியைத்தான் முதலில் கேட்டாள்.

"சுகர் பாத்தீங்களா?"

"இல்ல."

"மெஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் கையில் அப்பாவின் முகம் துடைத்த துண்டு இருந்தது. அதை நான்காக மடித்தாள்.

"மாத்திரை குடுக்கும்போது அப்பா ஒண்ணுமே சொல்லலையா? அப்புடியே வாங்கிப் போட்டுக்கிட்டாங்களா?"

சொல்லாமல் விடலாம். அதைக் கேட்டவர்கள் வரிசையில் நின்ற நாலைந்து பேர்தான், அவர்களுக்கும் நினைவிருக்காது. ஆனால் வந்ததே சொல்லத்தானே.

"சொன்னாங்க. மத்தியானம் போட்டுக்கிறேன்னு கேட்டாங்க. நான்தான் விடல. அடம் பிடிக்காதீங்கன்னு சொன்னேன்."

"ஒரு தடவதான் கேட்டாங்களா?"

"இல்ல. ரெண்டு தடவ கேட்டாங்க."

துண்டை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவளுக்குக் கோபம் வரவில்லை. என்னைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தாள்.

"எங்கப்பா யாருகிட்டயும் எதையும் ரெண்டாவது தடவ கேட்டு நான் பாத்ததே இல்ல சிஸ்டர்" என்றாள்.